போர்ட்டும் ஹார்பரும்

போர்ட், ஹார்பர் என்னும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளுக்கும் 'துறைமுகம்' என்று ஒரே அர்த்தம் சொல்லிவிட்டு நம் அகராதிகள் நகர்ந்துவிடுகின்றன. கடலூர் முதுநகர்வாசிகளோ இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. உப்பனாற்றின் அலையில்லாத நீரில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்க, ஐஸ் உடைபடும் சத்தத்துக்கு மேலாக மீன் ஏலக்குரல் ஓங்கி ஒலிக்கும் இடம் அவர்களுக்கு 'ஹார்பர்'. சிதம்பரத்திலிருந்து வரும் ரயில் நின்று போகும் ஸ்டேஷன் 'போர்ட் ஜங்ஷன்'.

காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிக் கலங்கள் நிற்கத்தக்க நீர்ப்பரப்பே ஹார்பர். சரக்கை ஏற்றி இறக்குவதற்கும் சுங்கம் வசூலிப்பதற்கும் மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு போர்ட். முன்னதற்குக் காப்பு பிரதானம், பின்னதற்கு வியாபாரம். ஒன்றிருக்குமிடத்தில் மற்றொன்றும் இருக்கவேண்டும் என்ற நியதி கிடையாது. முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்ட இயலாமல் பெரிய கப்பல்கள் நடுக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்குப் படகுகளே போய் மூட்டைகளைக் கரைசேர்த்த கடலூர், அக்கப்பல்களைப் பொறுத்தவரை ஹார்பர் இல்லாத போர்ட். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழும்வரையில், பிரயாணிகளை மசூலாப் படகில் நனைத்தே கரையேற்றிய சென்னைப் பட்டணத்தின் யோக்கியதையும் அதுதான். திருகோணமலையின் கதை இதற்கு நேர் விரோதமானது: இயற்கை அளித்த ஆழமான ஹார்பர் அங்கே இருந்தும், இலங்கையின் வியாபாரமெல்லாம் சுவர் கட்டி அலையைத் தடுத்த கொழும்புக்கே போய்ச் சேர்ந்தது.

குற்றவாளிக்குப் புகலிடம் கொடுப்பதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 212ஆவது பிரிவு ஹார்பர் என்ற சொல்லாலேயே குறித்ததும், கடலே இல்லாத ஊரிலும் ஏர்போர்ட் இருப்பதும் இந்தப் பேதத்தினால்தான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்குப் போர்த்துகீசியர் வைத்த பெயர் போர்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பொருதிய போர்க்களமாக மட்டுமே பாடப்புத்தகங்கள் அவ்வூரை அறியும். என் அபிப்பிராயத்தில், கப்பல் வியாபாரம் போனபின்பும் அவ்வூர் பிழைத்திருப்பது வெள்ளாற்றின் தயவால்தான். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மாணவர்கள் அங்கே ஆற்றுநீரை அள்ளிப் பரிசோதிக்கிறார்கள்; புயல் எச்சரிக்கை வந்தால் மீனவர் படகுகள் அதே ஆற்றுக்குள் வந்து ஒதுங்குகின்றன.