சுரைக்குடுக்கையை யார் அவிழ்ப்பது?

“இன்னும் ஆறே மாசம் மாமா, நான் இன்ஸ்ட்ரக்டர் ஆயிடுவேன்” என்றான் என் தங்கை மகன்.

போன வருஷம் தீபாவளி வரைக்கும் அவனுக்குக் கடல் என்றால் மாமல்லபுரத்தில் கால் நனைத்துவிட்டுச் சுண்டல் தின்கிற இடம்தான். மறைமலைநகரில் உத்தியோகம், சனி, ஞாயிறு விடுமுறை. அப்படி இரண்டு வார விடுமுறைகளில், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முக்குளிக்கிற ‘ஸ்கூபா’ வித்தையில் முதல் சர்டிபிகேட் வாங்கினான். மாசியில் அந்தமானுக்குப் போய் மூன்றே நாளில் இரண்டாவதையும் வாங்கினான். இப்போது மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணமாம். அதில் பாதியை என்னிடம் கடன் கேட்டு வந்திருந்தான்.

நான் கொடுக்கவில்லை. “மாமா கஞ்சன்” என்று வீட்டில் பேச்சு. “காலம் தெரியாதவர்” என்று நண்பர்கள் அபிப்பிராயம். பணத்துக்காக நான் மறுக்கவில்லை. அவன் ஆறு மாதத்தில் ஆசிரியனாகிவிடக் கூடாது என்பது என் கட்சி. அதைத்தான் இங்கே வாதாடப் போகிறேன்.

‘உமக்கு முக்குளிக்கத் தெரியுமா?’ என்று கேட்பீர்கள். தெரியாது. நீந்தத் தெரியும். செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில், கவலைக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தாத்தா என்னைத் தள்ளிவிட்டார். பத்து நாளானதும் “குடுக்கையை அவிழ்த்துவிடு தாத்தா” என்று அடம் பிடித்தேன். அவர் பதிலே சொல்லவில்லை. எத்தனையோ நாள் கழித்து ஒரு காலையில் கிணற்றைக் குறுக்காகக் கடந்து படியேறியபோதுதான், முதுகில் குடுக்கை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. எப்போது அவிழ்த்தார் என்று இன்றுவரை தெரியாது. என் உடம்புக்கு அது வேண்டியதில்லை என்பது என்னைவிட அவருக்கு முன்னால் தெரிந்திருந்தது. கற்பிப்பவன் என்றால் அவன்தான். குடுக்கையை அவிழ்க்கும் தேதியை முன்கூட்டியே ரசீதில் எழுதிக் கொடுப்பவன் வியாபாரி.

இந்த வித்தையின் படிகளைப் பாருங்கள். 1966-ல் அமெரிக்காவில் தொடங்கி உலகமெங்கும் பரவியிருக்கும் ‘பாடி’ என்ற அமைப்பின் விதியையே எடுத்துக்கொள்வோம். ஏட்டுப் பாடமும் குளத்துப் பயிற்சியும் முடித்து, கடலில் நாலு முறை இறங்கினால் முதல் சர்டிபிகேட். 18 மீட்டர் வரை போகலாம். இன்னும் ஐந்து முறை இறங்கினால் இரண்டாவது. 30 மீட்டர் வரை போகலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம் என்று வைத்தால் ஒன்பது தடவைக்கு ஆறு மணி நேரம். ஆறு மணி நேரக் கடல் அனுபவத்தோடு ஒருவன் பத்து மாடி ஆழத்துக்குத் தகுதியானவன் ஆகிவிடுகிறான். நூறு தடவை இறங்கி, முதல் சர்டிபிகேட் வாங்கி ஆறு மாதமும் ஆகிவிட்டால் ஆசிரியர் பரீட்சைக்கே உட்காரலாம். தேறிவிட்டால் ஒரே நேரத்தில் எட்டு மாணவர்கள் வரைக்கும் கடலுக்குள் அழைத்துப் போகலாம்.

விதி எழுதினவர்கள் முட்டாள்கள் அல்லர். ‘இதற்குக் குறையக் கூடாது’ என்றுதான் எழுதினார்கள். நம் கடைத்தெருவோ அதை ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று படிக்கிறது. தகராறு அங்கேதான்.

பங்குனியில் என் மருமகன் புதுச்சேரிக்கு அப்பால் 26 மீட்டரில் இறங்கினான். அந்தமானில் கண்ணாடி போலிருந்த தண்ணீர் இங்கே அன்று கலங்கல். முன்னால் போனவரின் கால் துடுப்பு இடித்து, முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஒன்றும் பெரிய விஷயமில்லை. தலையை நிமிர்த்தி மூக்கால் ஊதினால் தண்ணீர் வெளியே போய்விடும். நீச்சல் குளத்தில் அதைச் சரியாகச் செய்து காட்டியவன்தான் அவன். ஆனால் அன்று மூக்கால் ஊதுவதற்குப் பதில் இழுத்துவிட்டான். உப்புத் தண்ணீர் தொண்டையில் ஏறியது. அப்புறம் படித்த பாடம் ஒன்றும் நினைவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே உதைத்தான். கூட வந்த பழைய கை ஒருவர் அவன் காலைப் பிடித்து இழுத்து, கண்ணெதிரே கையை ஆட்டி, மூச்சு விடவைத்துத் தேற்றினார். “செம த்ரில் மாமா” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடும். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நாலு மடங்கு. ஆகவே சிலிண்டர் காற்றும் மேலே செலவாவதைப்போல் நாலு மடங்கு வேகத்தில் தீரும். பயந்து மூச்சிரைப்பவனுக்கு இன்னும் சீக்கிரம். அந்த ஆழத்தில் நைட்ரஜன் கள் குடித்தவனைப்போல் ஒரு மந்தத்தையும் கொடுக்கும். 26 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது மூன்றரை மடங்காக விரியப் பார்க்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டே வந்தால் நுரையீரல் கிழியும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் சரியாக எழுதியிருக்கிறான். அறிவு ஏறிவிட்டது, உடம்பில் ஏறவில்லை. உடம்பில் ஏறுவதற்குத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு வாதம் சொல்கிறார்கள்.

முதல் வாதம்: “தானாகச் சுற்றி அபாயத்தில் மாட்டிக்கொள்வதைவிட ஆசிரியர் கண்ணெதிரில் அடுத்த படிப்பைத் தொடர்வது நல்லதுதானே?” வாஸ்தவம். படிப்பதை நான் தடுக்கவில்லை. துணைக்கு வருபவனைக் காப்பாற்றும் பாடத்தை எல்லாரும் படிக்கட்டும். ஆனால் வகுப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப் பயிற்சி. திசைகாட்டி ஒரு நாள், ஆழம் ஒரு நாள், இரவு ஒரு நாள். எதையும் இரண்டாம் தடவை செய்ய நேரமில்லை. பழகியதைப் பழகுவதற்குச் சர்டிபிகேட் கிடையாது. அதனால் அதை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை.

இரண்டாவது வாதம் கனமானது. ஒரு நண்பர் என்னிடம் நேரிலேயே கேட்டார்: “கோவளத்திலும் தேவனேரியிலும் மீனவப் பையன்கள் இருக்கிறார்கள். பிறந்தது முதல் கடலிலேயே கிடப்பவர்கள். ஆறு மாதத்தில் இந்த உத்தியோகத்துக்கு வந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். உமது ஒரு வருஷக் காத்திருப்பு உம் மருமகனுக்கு வெறும் பொழுதுபோக்கு நஷ்டம், அவனுக்குப் பட்டினி.”

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நீரோட்டம், அலை, காற்று மாறுகிற வாசனை, பயமில்லாமை இவ்வளவும் அந்தப் பையனிடம் ஏற்கனவே இருக்கின்றன. அவன் என் மருமகனுக்கு வெகு தூரம் முன்னால்தான் தொடங்குகிறான். ஆனால் அவன் அப்பனும் பாட்டனும் தண்ணீருக்கடியில் கற்றுக்கொடுத்த முதல் வித்தை ‘மூச்சைப் பிடி’. சிலிண்டர் கட்டியவனுக்கு முதல் கட்டளை ‘ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே’. பரம்பரை சொன்னதற்கு நேர் எதிரானதை உடம்பு கற்க வேண்டும். 1860-களில் கிரேக்கத் தீவுகளுக்குக் காற்றுக் குழாய் வைத்த முக்குளிப்பு உடை வந்தது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிக் கடற்பஞ்சு எடுத்தவர்கள் அதை மாட்டிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் தங்கி, விறுவிறுவென்று மேலே வந்தார்கள். கை கால் விளங்காமல் போனார்கள், செத்தார்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாவதே காரணம் என்று பால் பெர்ட் 1878-ல் விளக்கினார். எந்த ஆழத்திலிருந்து எப்படி நிதானமாக ஏறுவது என்று ஹால்டேன் 1908-ல் அட்டவணை போட்டுக் கொடுத்தார். அந்தத் தீவுக்காரர்கள் கடலைத் தெரியாமல் சாகவில்லை. கருவியைத் தெரியாமல் செத்தார்கள். ஆகவே மீனவப் பையனுக்கு நான் கேட்பது சலுகைக் கார்டு அல்ல, சம்பளம். படகிலும் சிலிண்டர் நிரப்பும் கொட்டகையிலும் கற்றுக்கொள்ளும் அந்த ஒரு வருஷத்துக்கு அவனுக்குக் கூலி கொடுங்கள். அவசரத்தை அவனுக்குத் தானம் செய்யாதீர்கள்.

ஒரு வருஷம் என்ன கணக்கு என்று கேட்கலாம். என் ஊர் கார் செய்த ஊர். மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 2022 வரை கார்கள் வெளியே வந்தன. கார் ஓட்டப் பழகுபவன் ‘எல்’ போர்டோடு முப்பது நாளாவது காத்திருந்தால்தான் லைசென்ஸ் பரீட்சை. பஸ்ஸோ லாரியோ ஓட்டப் பழக வேண்டுமென்றால், இலகு ரக வாகன லைசென்ஸை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. ஏன்? தன் உயிரை வைத்து ஓட்டுவது வேறு, ஊரார் உயிரை வைத்து ஓட்டுவது வேறு. ஜி.எஸ்.டி. ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிற்கும். நின்றால் மூச்சு விடலாம். அந்த வசதியும் இல்லாத இடத்தில், எட்டுப் பேரை நம்பி ஒப்படைக்கும் ஆசாமிக்கு ஆறு மாதம் போதும் என்பது என்ன நியாயம்?

ஆழத்துக்கும் இவ்வளவு பறப்பானேன்? 2002-ல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குழுவும் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் இறங்கி, கட்டுமானச் சிதைவுகளைக் கண்டார்கள். உலகமே பேசிய அந்தக் கற்கள் கிடந்தது ஏறக்குறைய 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில். முதல் சர்டிபிகேட்டுக்காரனுக்கு அனுமதித்த ஆழத்தில் அது பாதிகூட இல்லை. நம் கடற்கரையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றே தெரியாதவன் முப்பது மீட்டரில் எதைப் பார்க்கப் போகிறான்? தன் காற்றுமானியைப் பார்ப்பான். அல்லது அதைக்கூடப் பார்க்க மறந்துவிடுவான்.

என் கோரிக்கை சின்னது. முதல் சர்டிபிகேட்டுக்குப் பிறகு இருபத்தைந்து தடவையாவது இறங்கட்டும். அதில் சில தடவையாவது கலங்கிய நம் கடலில். முகக் கண்ணாடியைக் கழற்றி மாட்டும்போது மூச்சின் தாளம் மாறாதவனுக்கு, கை காலை ஆட்டாமல் ஓரிடத்தில் மிதந்து நிற்கத் தெரிந்தவனுக்கு, எவ்வளவு காற்று மிச்சம் என்று மானியைப் பார்க்குமுன்பே ஏறக்குறையச் சொல்லத் தெரிந்தவனுக்கு முப்பது மீட்டரைக் கொடுங்கள். பிறரை அழைத்துப்போக இன்னும் ஒரு வருஷம். ‘இன்னும் உனக்கு ஆகவில்லை’ என்று சொன்னால் ஆசிரியனுக்கு வருமானம் குறையக் கூடாது. மூன்று படிகளுக்குச் சேர்த்துப் பணம் வாங்கியவன் வாயிலிருந்து அந்தச் சொல் எப்படி வரும்?

என் மருமகனிடம் பணம் தருவதாகவே சொல்லியிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கார்டுக்கு இல்லை, வாராவாரம் படகுக்கும் சிலிண்டருக்கும் ஆகும் வாடகைக்கு. அதே பன்னிரண்டு, பதினைந்து மீட்டரில், அதே பழைய கை ஒருவர் துணையோடு. “ஒண்ணுமே புதுசா இருக்காதே மாமா” என்று முகத்தைத் தூக்கினான்.

“அதுக்குத்தாண்டா பணம் தர்றேன்” என்றேன்.

கோபித்துக்கொண்டு போனவன் இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். சனிக்கிழமை படகுக்குப் பணம் அனுப்பச் சொன்னான். அனுப்பிவிட்டேன்.