துருப்பிடிக்காத மிதிவண்டி



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நம் சபை வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, கார்பன் ரேஸ் சைக்கிள் ஒன்று எழுபதாயிரத்துக்கு வருகிறது. வாங்கலாமா?" என்று கேட்டார். இதையெல்லாமா போதகரிடம் கேட்பது என்று சிலர் நகைக்கக்கூடும். அவருடைய தந்தையார் உப்பளத்தில் உழைத்து மூப்படைந்தவர்; அந்த எழுபதாயிரம் இரண்டு வருஷச் சேமிப்பு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப்பற்றி ஆண்டவர் சொன்ன உவமை இத்தகைய வீடுகளுக்கே உரியது. ஆகவே நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

விற்கிறவர் அவருக்குச் சொன்ன காரணங்கள் இரண்டு: வண்டி இலேசானது, உப்புக் காற்றில் துருப்பிடிக்காது.

இரண்டாவது காரணம் நம் ஊராரின் மனதை எளிதில் இழுக்கும். இரும்பை உப்பு தின்னும் விதத்தை நாம் அறிவோம். கார்பன் நார் துருப்பிடியாது என்பது மெய்தான். ஆனால் சங்கிலியும் திருகாணிகளும் பேரிங்குகளும் எஃகே. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால், மின்கலத்தில் நிகழ்வதுபோல அலுமினியம் அரிக்கப்படுகிறது. அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவே கண்ணாடி நார் போன்ற காப்பு ஒன்றை வைப்பார்கள். பெயர் தெரியாத மலிவு வண்டியில் அது உண்டா இல்லையா என்பதை வாங்குகிறவர் எப்படி அறிவார்?

இலேசு என்ற காரணத்துக்கு வருவோம். இவ்விலையில் கார்பன் சட்டம் அலுமினியச் சட்டத்தைவிட ஒரு கிலோ குறைந்தால் அதுவே அதிகம். ஆளும் வண்டியுமாக எண்பது கிலோ என்று வைத்தால், நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். மலையேறுகிறவனுக்கு அது உதவும். இவர் போக விரும்புவதோ சனிக்கிழமை காலைகளில் திருச்செந்தூருக்கு; சுமார் 40 கிலோமீட்டர், முழுவதும் சமதரை. சமதரையில் வேகமாகப் போகிறவனுடைய பலத்தின் பெரும்பகுதியைக் காற்றே வாங்கிக்கொள்ளும், அதிலும் ஆடிமாதத்து மேல்காற்று. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் கார்பன் வண்டியில் தங்கம் வென்றபோதும், அந்த வண்டியின் பெயர்பெற்ற சிறப்பு காற்றுக்கு வழிவிடும் அதன் வடிவமே. (நான் வாலிபப் போதகனாகத் தேரிக்காட்டுச் சபைகளுக்கு மிதித்துச் சென்ற இரும்பு வண்டியின் எடையை எவரும் நிறுத்துப் பார்த்ததில்லை, என் முழங்கால்கள் அறியும்.)

என்னைத் தயங்கச் செய்வது வேறொன்று. நம் கடற்கரையில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்குமோ, வெறும் சதையோ, பணம் கொடுத்தபின்தான் தெரியும். மலிவான கார்பன் சட்டமும் அப்படியே. நார் அடுக்குகள் சரியாகப் படிந்தனவா, பிசின் எங்கேனும் வெற்றிடம் விட்டதா என்பதை வண்ணப்பூச்சு மூடிவிடுகிறது. எஃகு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். கார்பன் உள்ளுக்குள் விரிசல் கண்டு, ஒரு நாள் திடீரென ஒடியக்கூடும். முத்து வியாபாரி இழந்தது பணம் மட்டுமே. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முன்கவை ஒடிந்தால் இழப்பு அவ்வளவில் நில்லாது.

ஆகவே என் கருத்து: இந்த வண்டி வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனம் சட்டத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தந்து, பழுது வந்தால் பார்க்க ஆளும் இருந்தால், கார்பனை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த விலை இதுவல்ல. இதே பணத்துக்கு நல்ல அலுமினிய வண்டி கிடைக்கும். பல்சக்கரங்களும் பிரேக்குகளும் மேலானவையாய் இருக்கும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் ஏறுமா என்று கேட்டு வாங்கட்டும். நம் சாலைகளுக்கு அது வேண்டும். மீதியில் தலைக்கவசமும் பின்விளக்கும் வாங்கலாம். ஓட்டி வந்தபின் நன்னீரால் கழுவித் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் இடுவது எந்த வண்டிக்கும் தப்பாத வேலை.

அழகான பொருளை விரும்புவது பாவம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் காட்டிய படத்தில் அந்தக் கருத்த வண்டி உண்மையாகவே அழகாயிருந்தது. இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். வருகிற வாரம் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போகிறாராம்.