பேய் அடிக்கல, கட்டுவிரியன் கடிச்சிருக்கு

அமாவாசை நெருங்கிட்டாப் போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்புகள்ல மூணு சரக்கு ஓட ஆரம்பிச்சிடும். ஒண்ணு பேய்க்கதை. அடுத்தது நிலாவைப் பத்தின செய்தி. மூணாவது, இந்த ஆசனம் செஞ்சா கெட்ட சக்தி அண்டாதுன்னு ஒரு யோகா வீடியோ. எல்லாத்துக்கும் கீழ "நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல"ன்னு ஒரு முத்திரை.

முட்டாள்கள் இல்லைதான். ஆனா அவங்க விட்டுப்போனதுல எது உயிரைக் காக்குது, எது உயிரை எடுக்குதுன்னு பிரிச்சுப் பாக்கிற வேலை நம்மளோடது. அதைச் செய்யாம அப்படியே ஃபார்வர்ட் பண்றதுதான் முட்டாள்தனம்.

உயிரை எடுக்கிறதை முதல்ல சொல்றேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சம்சாரிகளுக்கு இது புதுசு இல்ல. மும்முனைக் கரண்டு ராத்திரி முறையா வரும். மோட்டாரைப் போட்டு, மடை திருப்பிட்டு, அலுப்புல வந்து தரையில துண்டை விரிச்சுப் படுப்பான். விடியக்காலம் வயித்து வலிம்பான். கண் இமை தானா மூடும். நாக்கு குழறும், எச்சி முழுங்க முடியாது. உடம்புல காயம் எதுவும் தெரியாது. உடனே வீட்டுல என்ன சொல்றாங்க? "அமாவாசை இருட்டு, புளியமரத்தடி வழியா வந்திருக்கான், பேய் அடிச்சிருச்சு." கோடாங்கியைக் கூப்பிட்டு, உடுக்கை அடிச்சு, வேப்பிலை வீசி முடிக்கிறதுக்குள்ள மூச்சு நின்னிருக்கும்.

அண்ணாச்சி, அது பேயில்ல. பெரும்பாலும் கட்டுவிரியன். ராத்திரி நடமாடுற பாம்பு. தரையில படுத்திருக்கிறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். பல்லு சின்னது, கடிச்ச தடம் தெரியாமப் போகலாம், வலியும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம். அதோட விஷம் நரம்பு முனையைத் தாக்கி, கடைசியில மூச்சு விடுற தசையை நிறுத்திடும். முனை கெட்ட பிறகு மருந்து ஏத்தினா அதை உடனே சரி பண்ண முடியாது. அதனாலதான் கோடாங்கிக்குக் குடுக்கிற ரெண்டு மணி நேரம் அவ்வளவு பெரிய நஷ்டம்.

"அமுக்குவான் பேய்னு ஒண்ணு இருக்கே, நெஞ்சுல ஏறி உக்காருமே"ன்னு கேப்பீங்க. அது உறக்கத்துல மூளை முழிச்சு உடம்பு முழிக்காத நிலை. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா விலகிடும். விலகாம இமை இறங்கிக்கிட்டே போனா அது அமுக்குவான் இல்ல, ஆஸ்பத்திரிக் கேஸ்.

இப்ப புளியமரத்துக்கு வருவோம். ராத்திரி மரம் கரியமில வாயு விடும், அதைத்தான் பேய்னு பெரியவங்க சொன்னாங்கன்னு ஒரு "விஞ்ஞான விளக்கம்" சுத்துது. இதுவும் பொய்தான். திறந்த வெளியில மரம் விடுற வாயு ஆளைக் கொல்லாது. பக்கத்துல படுத்திருக்கிற ஆளு விடுற மூச்சும் அதே வாயுதான். சருகும் பொந்தும் இருக்கிற இடத்துல பூச்சி பொட்டு இருக்கும், இருட்டுல போகாதேன்னு நேரா சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்குப் பேயும் வாயுவும்?

நிலா விஷயமும் இப்படித்தான். பௌர்ணமிக்குக் கடல் பொங்குது, உடம்புலயும் தண்ணிதானே இருக்கு, அதனால புத்தி பிசகும்ங்கிறாங்க. எங்க கண்மாயில பௌர்ணமிக்குத் தண்ணி ஏறி நான் பாத்ததில்ல. கண்மாயையே அசைக்காத நிலா, மனுச உடம்பை என்ன செய்யும்? ஆனா அமாவாசைக்கு ஏர் பூட்டக்கூடாதுன்னு வெச்சாங்க பாருங்க, அதுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். வாயில்லா மாட்டுக்கு மாசத்துக்கு ஒரு நாள் ஓய்வு. மைசூர் பட்டாபி ஜோயிஸ் யோகா வழியிலயும் அமாவாசை, பௌர்ணமி ரெண்டு நாளும் ஆசனத்துக்கு லீவு. மாடோ மனுசனோ, உடம்புக்கு ஓய்வு வேணும்.

யோகாவை நான் குறை சொல்லல. களை எடுத்து, மண்வெட்டி பிடிச்சு வளைஞ்ச முதுகுக்கு விடியக்காலம் நாலு தடவை சூரிய நமஸ்காரம் செஞ்சா நல்லா இருக்கு, நானும் செய்றேன். ஆனா அது உடம்புக்குப் பயிற்சி. பேயை விரட்டுற வேப்பிலை இல்ல. வடபத்ரசாயி பாம்புப் படுக்கையில பள்ளிகொண்ட ஊரு நம்ம ஊரு. புஜங்காசனம் செய்யத் தெரியுது, புஜங்கம் கடிச்சா என்ன செய்யணும்னு தெரியலன்னா வெக்கம் இல்லையா?

2000-லருந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியில செத்தவங்க ஏறத்தாழ 12 லட்சம், வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்னு ஆய்வு சொல்லுது. பெரும்பாலும் நம்மள மாதிரி கிராமத்து ஆளுங்க. 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேத்துச்சு. நல்ல காரியம். ஆனா கோடாங்கி வாசல்ல செத்தவன் அந்தக் கணக்குல எப்படி வருவான்? "பேய் அடிச்சு செத்தான்"னு ஊரே முடிச்சிடுதே.

பாரம்பரிய அறிவு வேணுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்க. 1978-ல ஆரம்பிச்சது. அவங்க எடுக்கிற விஷத்துலருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகுது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் அந்த ஒரே மருந்து. முன்னோர் அறிவுன்னா அது. வாட்ஸ்அப்ல வர்றது இல்ல.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி வயலுக்குப் போனா டார்ச்சும் பூட்ஸும் கட்டாயம். தரையில படுக்காதீங்க, கட்டில் போட்டு, கொசுவலையைப் பாய்க்கு அடியில நல்லா செருகிப் படுங்க. விடியக்காலம் வயித்து வலியோட இமை இறங்கினா, காயம் இருக்கோ இல்லையோ, 108-க்குப் போன் பண்ணி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. கடிச்ச இடத்தைக் கீறாதீங்க, உறியாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க. ஆளை நடக்க விடாதீங்க. மூச்சுக்கு மெஷின் வெச்சுப் பிழைச்சு வந்தவங்க நிறையப் பேரு இருக்காங்க.

உங்க குலசாமிக்கு நேர்ந்துக்கணுமா, தாராளமா நேர்ந்துக்கோங்க. ஆம்புலன்ஸ்ல ஏறி உக்காந்துக்கிட்டு நேர்ந்துக்கோங்க.