எண்ணெய்க்கும் ஓர் எல்லை உண்டு!

குயிலாப்பாளையத்தில் டீக்கடைக்கு டீக்கடை வெள்ளைக்காரர்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஆரோவில். 1968-ல் அது தொடங்கிய கையோடு இளவட்டமாக வந்து இறங்கி, இங்கேயே தாத்தா பாட்டி ஆகிவிட்டவர்களும் உண்டு. அவர்களில் ஓர் அம்மா போன வருஷம் என்னைத் தேடி வந்தார். எழுபதைத் தாண்டியவர். மொபெட்டிலிருந்து இறங்கக் காலைத் தூக்க முடியவில்லை. வண்டியைச் சாய்த்துத்தான் இறங்கினார்.

"டாக்டர், எல்லாரும் ஆபரேஷன் பண்ணு, ஆபரேஷன் பண்ணுங்கறாங்க. உங்க எண்ணெயிலே சரியாகாதா?" பேச்சு அசல் நம்ம ஊர்த் தமிழ்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் பந்து வைத்த மாதிரி. நடுவில் வழவழவென்று குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. அது இருக்குமிடம் வெறும் இடைவெளியாகத் தெரியும். அந்த அம்மாவுக்கு அந்த இடைவெளியே இல்லை. எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. ராத்திரி புரண்டு படுத்தால் விழித்துக்கொள்கிறாராம். செருப்பு மாட்ட இன்னொருவர் வேண்டுமாம்.

"சரியாகாதும்மா. ஆபரேஷன் பண்ணிக்குங்க" என்றேன்.

இதைப் படித்துவிட்டு என் சக வைத்தியர்கள் சிலர் கோபித்துக்கொள்ளலாம். கோபிக்கட்டும்! பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது புற மருந்து 32 என்று மனப்பாடம் செய்தோமே, அதில் ஒற்றடமும் தொக்கணமும் மட்டுமா இருக்கின்றன? கீறல் இருக்கிறது, கொம்பு கட்டல் இருக்கிறது, அறுவையும் இருக்கிறது. கத்தி நமக்கு அந்நியம் என்று யார் சொன்னது?

அழல் கீல்வாயு ஆரம்பத்தில் இருக்கும்போது தைலமும் ஒற்றடமும் பயிற்சியும் நல்ல சுகம் தரும். தசை இளகும், விறைப்பு குறையும். ஆனால் அடியோடு தேய்ந்துபோன குருத்தெலும்பை முளைக்க வைக்கும் எண்ணெய் என்னிடம் இல்லை. வேறு யாரிடமும் இருப்பதாகவும் நான் நம்பவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் திண்டிவனம் பக்கத்திலிருந்து விவசாயக் கூலிப் பெண் ஒருவர் முழங்கால் வலி என்று வந்தார். உளுந்துத் தைலம், நொச்சி ஒற்றடம் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். இடுப்பு மூட்டுக் கெட்டால் வலி தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். படித்த பாடம்தான், அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. கடைசியில் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பின் தலையே உட்கார்ந்துவிட்டிருந்தது. தொடை சூம்பி, கால் குட்டையாகி, அதற்கப்புறம் ஆபரேஷன் நடந்தது. இன்றும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். "நல்லாயிருக்கீங்களா அய்யா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிகிறது.

அவருடைய மூட்டு ஏன் அப்படி ஆனது? எனக்கு முன்னால் யாரோ கொடுத்த, பெயரில்லாத பொட்டல மருந்தை மாதக்கணக்கில் தின்றிருக்கிறார். 'மூணே நாளில் வலி போயிடும்' என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள். ஸ்டீராய்டு தொடை எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டத்தைக் கெடுத்து, எலும்பையே சாகடிக்கக்கூடும். குடியும் அதே வேலையைச் செய்யும். லேபிள் இல்லாத மருந்தை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள், சித்த வைத்தியன் என்று சொல்லிக்கொண்டு கொடுத்தாலும்!

சரி, அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். செய்துகொள்வது என்று முடிவானதும் அடுத்த கேள்வி: எங்கே? சொந்த நாட்டில் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால் வீடு இல்லை, கவனிக்க ஆள் இல்லை. வாஜ்பாய்க்கு 2000-ல் மும்பையில் முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது நியூயார்க்கிலிருந்து டாக்டர் ரானாவத் வந்து செய்தார். நம்மைத் தேடி யார் வரப்போகிறார்கள்? அமெரிக்கர் ஒருவர் உள்ளூர்ச் செலவு கட்டுப்படியாகாமல் 2007-ல் பெல்ஜியம் போய், விமான டிக்கெட் உள்பட 13,660 டாலரில் இடுப்பை மாற்றிக்கொண்டு வந்தார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மகன் வீட்டுக்கு அமெரிக்கா, கனடா போன இடத்தில் வலி முற்றிவிடும். விசிட்டர் இன்ஷூரன்ஸோ பழைய வியாதிக்குப் பொதுவாகப் பணம் தராது.

என்னைக் கேட்டால் பணத்தைவிடப் பெரிய கேள்வி, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மூன்று மாதம். தரையில் உட்காரக்கூடாது, சம்மணம் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரும் கக்கூஸ் ஆகவே ஆகாது. உயரமான கம்மோடு வேண்டும். காலில் ரத்தம் கட்டும் அபாயம் இருப்பதால் முதல் சில வாரங்களில் நீண்ட விமானப் பயணமும் நல்லதல்ல. பக்கத்தில் யார் இருப்பார்கள், யார் நடக்க வைப்பார்கள்? அந்த ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த ஊரில் செய்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் கேளுங்கள்.

சர்ஜனிடம் நாங்கள் கொடுத்த சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பொருத்திய மூட்டின் கம்பெனி, மாடல், எண் ஒட்டிய ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டெப்யூ கம்பெனி 2010-ல் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்தும், பெரும்பாலானவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அந்த அம்மா ஊருக்குப் போகவில்லை. இங்கேயே செய்துகொண்டார். குயிலாப்பாளையத்துப் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு மாதம் கூடவே படுத்துப் பார்த்துக்கொண்டாள். நாலாம் மாதம் கைத்தடியோடு என் கிளினிக் படியேறி வந்தார்.

"இப்ப எண்ணெய் குடுப்பீங்களா டாக்டர்?"

சர்ஜனைக் கேட்டுவிட்டு, தொடைத் தசைக்குத் தடவ ஒரு பாட்டில் கொடுத்தேன்.