வேலை தேடுவோர்க்கு ஆலயம் செய்யக்கூடியது

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த தமிழர் சிலர் வைத்தியரிடம் சென்று, நித்திரை இல்லை, நெஞ்செரிவு என்று முறையிடுவர். வேலை இல்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். "இப்போது எங்கே வேலை?" என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என அஞ்சி, பூசை முடிந்ததும் பிரசாதமும் வாங்காமல் வெளியேறுவோரும் உளர். வேலையின்மை ஒரு கஷ்டகாலம், அது குற்றமன்று. அதை மறைப்பதனாலேயே கிடைக்கக்கூடிய உதவியும் கிடைக்காமற் போகின்றது.

உதவிக்குக் குறைவில்லை. ஒன்ராறியோ அரசின் ஆதரவில் இயங்கும் வேலைவாய்ப்பு நிலையங்கள் கட்டணம் அறவிடுவதில்லை. 1952 இல் இத்தாலியக் குடியேறிகளின் நலனுக்காகத் தொடங்கிய பணியின் வழிவந்த கொஸ்ரி நிறுவனம், இன்று எல்லா இனத்தவருக்கும் கதவு திறந்துள்ளது. இத்தகைய இடங்களிற் கற்பிப்பவை சிறியனவாகத் தோன்றும். ஆனால் பயன் பெரிது. சுயவிபரப் பத்திரத்தில் புகைப்படம், வயது, சமயம், விவாகமானவரா என்னும் விபரம் எதுவும் வேண்டியதில்லை. நேர்முகப் பரீட்சையில், "எல்லோரும் சேர்ந்து செய்தோம்" என்று அடக்கமாகச் சொல்பவரை, எதுவும் செய்யாதவர் என்றே இந்நாட்டு முதலாளி எண்ணிவிடுவார். தாம் செய்ததைத் தாமே சொல்லவும் பழக வேண்டியுள்ளது.

அடுத்த தடை, "கனடிய அனுபவம் உண்டா?" என்னும் கேள்வி. தகுந்த காரணமின்றி அதைக் கேட்பது பாகுபாடாகும் என 2013 இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு அறிவித்தது. 25 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கோருவதற்கு 2026 ஜனவரி 1 முதல் சட்டப்படி தடை. ஆயினும் விளம்பரத்திலிருந்து நீங்கிய கேள்வி முதலாளியின் மனத்திலிருந்து நீங்கிவிடாது. "இவரை இங்கே அறிந்தவர் யார்?" என்று அவர் தேடவே செய்வார்.

இங்கேதான் ஆலயத்தின் கடமை தொடங்குகின்றது. திருவிழாக் கணக்கை எழுதுபவர், அன்னதானத்துக்கு நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பிப்பவர், ஞாயிறு வகுப்பு நடத்துபவர் யாவரும் இந்த மண்ணிலேயே பொறுப்பான பணி செய்தவர்கள். அப்பணியை உள்ளபடி குறித்து, செயலாளர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை நிருவாக சபை வழங்கலாம். முதலாளி தொலைபேசியில் விசாரித்தால் பதில் சொல்லவும் ஒருவர் இருக்க வேண்டும். செய்யாத வேலைக்கு முகத்தாட்சணியத்தால் கடிதம் கொடுக்கலாகாது. ஒரு பொய்க் கடிதம் பின்னால் வரும் பத்து மெய்க் கடிதங்களின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசைக்குப் பின் மண்டபத்தில் இரண்டு மேசைகள் போட்டால் போதும். இளைப்பாறிய கணக்காளர்களும் பொறியியலாளர்களும் அங்கமர்ந்து, வருவோரின் பத்திரத்தைத் திருத்தி, நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி அளிக்கலாம். அப்பால் வேண்டியதற்கு நிலையங்களின் விலாசத்தைக் கொடுக்கலாம். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை, மனமிருந்தாற் போதும்.

கோபுரத்துக்கு நிதி கேட்டபோது அங்கத்தவர்கள் தயங்கவில்லை. அதன் நிழலில் வேலையின்றி நிற்பவருக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கவும் தயங்கமாட்டார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசித்து முடிவு செய்வது நன்று.