வீட்டுக்கும் வேணும் கட்டாய லீவு

பெங்களூரில் இருக்கும் அக்கா பெண் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். "சித்தி, உனக்காகவே பண்ணின மாதிரி இருக்கு, பாரேன்" என்று ஒரு வரி வேறு. வேலைக்குப் போகும் அம்மாக்கள் தினம் அரை மணி நேரத்தில் வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் சமாச்சாரம். இந்த மாதிரி வீடியோவை யாராவது அப்பாக்களுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றிய புலம்பல்தான். ஆனால் கணக்கோடு கூடிய புலம்பல். பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் குப்பை கொட்டுகிறவள் வேறு எப்படிப் புலம்புவாள்?

முதலில் அந்த முறைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த ஜெம்மா ப்ரே என்ற பெண்மணி உருவாக்கியது. 2019-ல் புத்தகமாகவும் வந்தது. தினம் பதினைந்து நிமிஷம் அடிப்படை வேலைகள்: படுக்கையைச் சரி பண்ணுவது, ஒரு லோடு துணி, தரை, பாத்ரூமை ஒரு துடை. அதற்கு மேல் முப்பது நிமிஷம், டைமர் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு இடம். திங்கள் ஹால், செவ்வாய் படுக்கை அறைகள், புதன் நடையும் மாடிப்படியும், வியாழன் சமையலறை. வெள்ளிக்கிழமை மட்டும் எட்டு வாரச் சுழற்சியில் ஏதாவது ஒரு இடத்தைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வது. சனி, ஞாயிறு லீவு. டைமர் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். மிச்சம் அடுத்த வாரம்.

இதைப் படித்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம்தான் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் புளியைப் போட்டு விளக்கு தேய்ப்பு, வெள்ளிக்கிழமை காலை வீடு கழுவுதல், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று கும்பகோணத்தில் அவரும் ஒரு அட்டவணை வைத்திருந்தார். ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை, அவ்வளவுதான் (ஃப்ரிட்ஜே இல்லை). டைமர் மட்டும்தான் புதுசு. பாட்டிக்கு அது எந்த வெள்ளிக்கிழமையும் அடித்ததில்லை.

சரி, முயற்சி பண்ணிப் பார்க்காமல் திட்டக்கூடாது என்று போன வருஷம் ஜூலை முதல் வாரம் ஆரம்பித்தேன். மயூர் விஹாரில் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், நாலு பேர். டில்லிக்குத் தோதாகச் சில திருத்தங்கள் தேவைப்பட்டன. கார்ப்பெட் போட்ட மாடிப்படி நமக்குக் கிடையாது. இங்கே படிக்கட்டு சொசைட்டியின் சொத்து. அதனால் புதன்கிழமையை பால்கனிக்கும் வலைக்கதவுக்கும் ஒதுக்கினேன். லண்டன் பட்டியலில் கூலர் கிடையாது, ஆர்.ஓ. ஃபில்டர் கிடையாது, தாளிப்புப் புகையில் பிசுக்கேறிய எக்ஸாஸ்ட் ஃபேன் கிடையாது, சாமி அலமாரி கிடையாது. டில்லிப் புழுதியும் கிடையாது. மே, ஜூனில் புழுதிக்காற்று ஒருமுறை வீசினால் போதும், காலையில் துடைத்த டேபிளில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம். தீபாவளி சமயத்தில் ஜன்னல் கம்பியில் படியும் கறுப்பு வேறு ரகம். வெறும் தண்ணீருக்கு மசியாது, சோப்பு வேண்டும்.

எட்டு வாரம் ஒரு நாள் விடாமல் செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், வீடு நன்றாகவே இருந்தது. யாராவது பெல் அடித்தால் சோபாவில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு ஓடும் ஓட்டம் நின்றது. எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, புது வேலைக்காரி வைத்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் ஆன்ட்டி, முழு நேரம், சம்பளம் கிடையாது :-)

பிரச்னை எட்டாவது வாரம் தெரிந்தது. அன்றைக்கு அரையாண்டு மீட்டிங் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது ஒன்பது மணி. ரங்கமணி சோபாவில். பையன் அவன் அறையில். பன்னிரண்டு வயசுப் பெண் மட்டும் வாசலுக்கு வந்து, "அம்மா, இன்னிக்கு வியாழக்கிழமை, உன்னோட கிச்சன் பாக்கி இருக்கு" என்றாள். கிண்டல் இல்லை. நான் மறந்துவிடப் போகிறேனே என்ற அக்கறை.

உன்னோட கிச்சன்.

இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து நிமிஷம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 225 நிமிஷம். வீட்டில் நாலு பேர். ஆளுக்கு வாரத்தில் 56 நிமிஷம் சொச்சம், நாளைக்குப் பதினோரு நிமிஷம். டீ ஆறுகிற நேரம். இந்தப் பதினோரு நிமிஷத்தை நாலு பேரிடம் வசூலிக்க வழி சொல்லாமல், நாற்பத்தைந்தையும் ஒரே ஆளிடம் எப்படி வலிக்காமல் வசூலிப்பது என்றுதான் இந்த முறை கற்றுத் தருகிறது. அதன் ஆங்கிலப் பெயரே "ஆர்கனைஸ்டு மம் மெத்தட்". பெயரிலேயே பில் யார் பெயருக்கு என்று எழுதியிருக்கிறது. "பிஸியான பெற்றோருக்கு" என்று இதை நமக்கு அனுப்புகிறவர்கள் பெற்றோர் என்ற சொல்லில் இரண்டு பேர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

பி.காம்.-ல் மேனேஜ்மென்ட் பேப்பர் படித்தவர்களுக்கு எஃப்.டபிள்யூ. டெய்லரைத் தெரிந்திருக்கும். ஸ்டாப் வாட்சும் கையுமாகத் தொழிற்சாலையில் நின்று, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று அளந்தவர். 1911-ல் அவர் புத்தகம் வந்தது. மறு வருஷமே, 1912-ல், கிறிஸ்டின் ஃப்ரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி அதே முறையை வீட்டு வேலைக்குப் பொருத்திப் பெண்கள் பத்திரிகையில் தொடர் எழுதினார். ஆக நூறு வருஷத்துக்கு மேலாக இந்த டைமர் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு வித்தியாசம். திட்டம் போடுகிறவர் வேறு, வேலை செய்கிறவர் வேறு என்று டெய்லர் பிரித்தார். வீட்டில் இரண்டும் ஒரே ஆள். டைமர் அளப்பது துடைக்கிற நேரத்தை மட்டும்தான். ஃபினாயில் தீரப் போகிறது என்று ஆபீஸ் லிஃப்டில் நினைத்துக்கொள்கிற நேரம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைத்தால் அரசாங்கக் கணக்கைப் பாருங்கள். 2024-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிஷம். அதைச் செய்கிற ஆண்கள் 88 நிமிஷம். அந்த 88-ம் "செய்கிற" ஆண்களின் சராசரி. செய்யாதவர்கள் இதில் சேர்த்தியே இல்லை. இதற்கு முந்தைய 2019 கணக்கில் பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் பக்கத்துக் காலத்தையும் பார்த்தேன். ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது! நாம் மிச்சம் பிடித்தது மிக்ஸியாலோ வாஷிங் மெஷினாலோ இருக்கலாம், ஆண்கள் கை கொடுத்ததால் இல்லை.

"வீட்டுக்குத்தான் ஆள் வருதே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். வருகிறார். மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த தீதி, பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறார். அவர் உழைப்பின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் நான் இந்த முப்பது நிமிஷ வித்தை காட்டினேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வராத அன்று யாருக்கு போன் வருகிறது? என்றைக்காவது உங்கள் வீட்டு ரங்கமணியைக் கூப்பிட்டு "பையா, இன்னிக்கு லீவு" என்று சொல்லியிருக்கிறாரா?

இனி கட்டாய லீவு கதை. பேங்க் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில முக்கியமான சீட்டுகளில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே தடவையில் குறைந்தது பத்து வேலை நாள், முன்னறிவிப்பே இல்லாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி (2021-ல் புதுப்பித்து உத்தரவு போட்டார்கள்). அந்த நாட்களில் வேலை சம்பந்தப்பட்ட எதையும் தொடக்கூடாது. வேறு ஒருவர் உங்கள் சீட்டில் உட்காருவார். நீங்கள் மூடி வைத்தது ஏதாவது இருந்தால் வெளியே வரும். நீங்கள் இல்லாமலும் கிளை நடக்கும் என்பதும் தெரியவரும்.

நவம்பரில் எனக்கு அது வந்தது. காலையில் மெயில், மத்தியானம் சீட்டை ஒப்படைத்தாயிற்று. தட்காலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து அம்மாவிடம் போய்விட்டேன்.

பேங்க்கிலிருந்து ஒரு போன்கூட இல்லை. கோடிக்கணக்கில் கடன் பைல்கள் இருக்கிற சீட், இருபத்தெட்டு வயசுப் பையன் ஒருவன் அலட்டாமல் பார்த்துக்கொண்டான். வீட்டிலிருந்து முதல் மூன்று நாளில் பதினாலு போன். சிலிண்டர் புக் பண்ண எந்த நம்பர்? ஆர்.ஓ. கீ கீ என்று கத்துகிறதே, யாரைக் கூப்பிடணும்? இந்த மஞ்சள் துணி எதைத் துடைக்க, அந்த நீலம் எதைத் துடைக்க? எட்டு வாரம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையை மூன்று பேரும் தினம் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் படிக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேசாம போனை ஆஃப் பண்ணிட்டு வந்து சாப்பிடு" என்றார். நாற்பது வருஷம் ஆஃப் பண்ண முடியாதவர் சொன்னது.

ஆஃப் பண்ணினேன்.

திரும்பி வந்தபோது வீடு நாறிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. வேறு மாதிரி இருந்தது. பாத்திரங்கள் இடம் மாறியிருந்தன. பையன் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, வெந்நீரில் சோடா மாவு போட்டு ஊறவைத்துத் தேய்த்திருந்தான். நான் இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை. ரங்கமணி தீதியின் நம்பரைத் தன் போனில் ஏற்றியிருந்தார். கட்டாய லீவில் மூடி வைத்தது வெளியே வரும் என்றேன் இல்லையா, என்னுடையதும் வந்தது. பெண் சொன்னாள்: "நாங்க பெருக்கினா நீ திரும்பப் பெருக்குவேம்மா. அதான் விட்டுட்டோம்." பேங்க்கில் ஒருவர் என்ட்ரி போடுவார், இன்னொருவர் சரிபார்த்து பாஸ் பண்ணுவார். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஆடிட்டில் மாட்டுவோம். வீட்டில் நான் அவர்கள் போட்ட என்ட்ரியை எல்லாம் ரத்து பண்ணி நானே போட்டு நானே பாஸ் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இதற்கு யாரைத் திட்டுவது?

ஆனாலும் அக்கா பெண்ணுக்கு எழுதிய பதிலில் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த அட்டவணையை அப்படியே உன் வீட்டில் ஒட்டாதே, ஒட்டினால் ஒவ்வொரு கிழமைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதி ஒட்டு என்றேன். "ஹெல்ப் பண்றேன்" என்று யாராவது சொன்னால், யாருடைய வேலையில் என்று கேள். வருஷத்துக்குப் பத்து நாள் சொல்லாமல் கிளம்பிப் போ. குழந்தை கைக்குழந்தை என்றால் இரண்டு நாளாவது. பாவம் அவர் கஷ்டப்படுவார் என்று உன் மாமியார் சொல்வார். படட்டும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது வியாழக்கிழமை ரங்கமணியுடையது. துடைப்பது மட்டும் இல்லை, சமையலறைக்கு என்ன தீர்ந்தது, என்ன வாங்க வேண்டும் என்று நினைவில் வைப்பதும் சேர்த்து. போன வாரம் இரவு ஒன்பதரைக்கு மேல் விம் பார் தீர்ந்துவிட்டது. சிங்க் முன்னால் நின்று என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் போய் வாங்கி வந்தார், முணுமுணுத்துக்கொண்டே. அரிசி டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.