கொப்பியில ஆடின பரதம்

சாதாரண தரப் பரீட்சையில எனக்கு நடனத்துக்கு 'ஏ'. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த 'ஏ'யை நினைச்சா இப்ப கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு.

எனக்குப் பக்கத்தில இருந்து படிச்ச சினேகிதிக்கு 'சி'. வகுப்பிலயே நல்லா ஆடினது அவள்தான். டீச்சர் தட்டுக்கழியைக் கையில எடுத்தா, முதற்காலத்தில இருந்து மூன்றாங் காலம் முடியும் மட்டும் அவளுடைய அரைமண்டி ஒரு இஞ்சிகூட எழும்பாது. எனக்கு இரண்டாங் காலத்திலேயே முழங்கால் நிமிர்ந்திடும். ஆனா தாளில 'அரைமண்டி என்றால் என்ன?' எண்டு வந்தா நான் மளமளவெண்டு நாலு வரி எழுதுவன். அவள் பேனையைக் கடிச்சுக்கொண்டு இருப்பாள். செய்முறையில அவள் மேல, எழுத்தில நான் மேல. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா நான் 'ஏ', அவள் 'சி'.

உயர்தரத்துக்கு அவள் நடனம் எடுக்கவில்லை. கேட்டதுக்கு, "எனக்கு அது வராதுகா" எண்டு சொன்னாள். நான் அப்ப ஒண்டும் சொல்லவில்லை. இப்பதான் யோசிக்கிறன், எது வராது எண்டு அவள் சொன்னாள்? ஆட்டமா, அல்லது ஆட்டத்தைப் பற்றின சொல்லா?

இந்தக் கட்டுரை அந்தச் சொற்களைப் பற்றினதுதான். பரதத்தின் கலைச்சொற்களை நாங்கள் படிக்கிற விதம் பிழை எண்டு நான் நினைக்கிறன். கலைச்சொல் வேண்டாம் எண்டு சொல்லவில்லை, கட்டாயம் வேணும். அதனாலதான் இவ்வளவு கோபம்.

முதல்ல என்னுடைய பழைய கொப்பியைத் திறப்பம். முதல் பக்கத்தில நிருத்தம், நிருத்தியம், நாட்டியம். அடுத்த பக்கத்தில ஆங்கிகம், வாசிகம், ஆகார்யம், சாத்விகம். அதுக்குப் பிறகு அபிநயதர்ப்பணத்தில சொல்லியிருக்கிற ஒற்றைக் கை முத்திரைகள் 28: பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம், கர்த்தரீமுகம் எண்டு போகும். சுலோகத்தோட பாடமாக்கினது. நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். பதாகம் எண்டா கொடி எண்டதும், கர்த்தரி எண்டா கத்தரிக்கோல் எண்டதும் எனக்குக் கம்பஸுக்கு வந்த பிறகுதான் தெரியும். விரலைப் பிரிச்சு வைச்சா கத்தரிக்கோல் மாதிரி இருக்குது, அதனால அந்தப் பேர். இவ்வளவு லேசான ஒரு விசயத்தை ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதே கொப்பியில கடைசிப் பக்கங்களில அடவுகள் இருக்கு. தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டடவு, தட்டிமெட்டடவு, சறுக்கலடவு, மண்டியடவு. இதில பரீட்சைக்கு வாறது 'சொற்கட்டைத் தருக', 'எத்தனை வகை' எண்ட மாதிரிக் கேள்வி. அதனால தட்டடவுக்கு 'தையா தை', நாட்டடவுக்கு 'தையும் தத்த தையும் தாம்' எண்டு எழுதி, கீழ கோடு போட்டு வைச்சிருக்கிறன்.

இப்ப அந்தப் பேர்களை மட்டும் ஒருக்கா சத்தமா வாசிச்சுப் பாருங்க. தட்டு. நாட்டு. குதி. சறுக்கு. இதெல்லாம் வினைச்சொல். அதுவும் ஏவல். முன்னால நிண்டு ஒருத்தர் கட்டளை போடுற மாதிரி இருக்கு. நாட்டடவில என்ன செய்யிறம்? காலை நீட்டி, முன்பாதத்தை மேல தூக்கி, குதியைத் தரையில ஊண்டுறம். வேலிக்குக் கதியால் நாட்டுறம் எண்டு சொல்லுறமே, அதே நாட்டுதான். கதியாலை நாட்டினா அது அசையக் கூடாது. குதியும் அப்படித்தான் தரையில நிக்கோணும், சும்மா தொட்டுட்டு வரக்கூடாது. அடவை எப்படிச் செய்யோணும் எண்ட முழுப் பாடமும் அந்த ஒரு சொல்லுக்குள்ளயே இருக்கு. பதினோராம் ஆண்டு மட்டும் நான் நாட்டடவு ஆடினன். ஒரு நாளும் குதியை 'நாட்ட'வில்லை. அது ஒரு பேர் எண்டுதான் நினைச்சிருந்தன்.

இந்தச் சொற்கள் எங்க இருந்து வந்தது எண்டு பார்த்தா விசயம் இன்னும் விளங்கும். 'பரதநாட்டியம்' எண்ட பேர் பரவலானதே 1930களிலதான். அதுக்கு முதல் சதிர் எண்டுதான் கூடுதலாச் சொன்னது. அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா எண்டு நாங்கள் பாடமாக்குற ஒழுங்கைச் சீர்ப்படுத்தினவை எண்டு தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலுவைச் சொல்லுவினம். அவை நட்டுவனார் குடும்பம். ஆடின பெண்கள் தேவதாசிகள். தட்டு, நாட்டு, குதி எல்லாம் இந்த மனுசர் பயிற்சி நேரத்தில பாவிச்ச சொல். பேப்பரில எழுதுறதுக்கு உண்டாக்கினது இல்லை, எதிரில நிக்கிற பிள்ளையின்ட காலைத் திருத்துறதுக்கு உண்டானது.

பிறகு 1930களில இந்தக் கலைக்கு 'மரியாதை' தேடின காலத்தில பேர் மாறினது, மேடை மாறினது, ஆடுற ஆக்களும் மாறினது. அதோட சாஸ்திர நூல்களின்ட சொல்லுக்கு மவுசு கூடிப்போச்சு. அதின்ட வால்தான் என்னுடைய கொப்பி எண்டு நினைக்கிறன். முன் பக்கத்தில சாஸ்திரம், பின் பக்கத்தில அடவு. முன் பக்கம் 'அறிவு', பின் பக்கம் 'பயிற்சி'.

சமஸ்கிருதச் சொல்லைத் துரத்தோணும் எண்டு நான் சொல்ல வரவில்லை. அந்தச் சண்டை எனக்கு அலுப்பு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் ஒற்றைக் கையைப் பிண்டி எண்டும் இரட்டைக் கையைப் பிணையல் எண்டும் தமிழில சொல்லுறார். ஆனா அவருடைய பட்டியலுக்குள்ள பதாகை, திரிபதாகை எண்டு பேர்கள் கலந்துதான் வருகுது. கலக்கிறது புதுசு இல்லை. இன்னொரு விசயம்: அவர் சொல்லுற பிண்டி 33. நாட்டியசாஸ்திரத்தில ஒற்றைக் கை 24. அபிநயதர்ப்பணத்தில 28. மூண்டு நூல், மூண்டு எண்ணிக்கை. அப்ப '28' எண்டு எழுதினா சரி, இல்லாட்டி பிழை எண்டு திருத்துறதில என்ன அர்த்தம் இருக்கு? ஏன் வித்தியாசப்படுது எண்டு கேட்டிருந்தா அது ஒரு நல்ல கேள்வி. எங்களட்ட ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

போன வருசம் ஒரு பாடத்துக்காக நாங்கள் மூண்டு பேர் படுவான்கரைப் பக்கம் ஒரு அண்ணாவியாரைச் சந்திக்கப் போனம். வேலை லேசானது. வடமோடிக் கூத்தின்ட ஆட்டச் சொற்களைக் கேட்டு, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வரி விளக்கம் எழுதிக்கொண்டு வரோணும். நாங்கள் கொப்பியும் கையுமா இருந்து, "ஐயா, எட்டு எண்டா என்ன? வீசாணம் எண்டா என்ன?" எண்டு வரிசையாக் கேட்டம். அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார்.

"சொல்லிக் காட்டவா புள்ள, ஆடிக் காட்டவா?"

சொல்லுங்க ஐயா எண்டு நாங்கள் சொன்னம். அவர் சொல்லத் தொடங்கினார். ரெண்டு சொல் வந்தது, மூண்டாவது வரவில்லை. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு எழும்பினார். எழுபது தாண்டின மனுசன், வாயால தாளக்கட்டைச் சொல்லிக்கொண்டு அந்த மணல் முத்தத்தில ஒரு சுத்து ஆடினார். நிண்டு, மூச்சு வாங்கி, "இதுதான் எட்டு" எண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இப்ப நீங்க எழும்புங்க" எண்டார்.

எங்களால ஏலவில்லை. கால் பின்னிக்கொண்டு போச்சு. ஆனா அண்டைக்குத் திரும்பி வந்து எழுதின அந்த ரெண்டு வரிதான் நான் கம்பஸில எழுதினதிலேயே உண்மையான விளக்கம். ஏனெண்டா எங்க கால் பின்னினது எண்டு எனக்குத் தெரியும்.

கூத்திலயும் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. சட்டங் கொடுக்கிறது, சதங்கை அணியிறது, அடுக்குப் பார்க்கிறது, அரங்கேற்றம் எண்டு பழகத் தொடங்கின நாளில இருந்து களரி ஏறுற நாள் மட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் இருக்கு. அந்தப் பேரைக் கேட்டா ஊரே விளங்கிக்கொள்ளும். எங்கட கையில வந்தா அதுவும் 'வடமோடி, தென்மோடி வேறுபாடுகள் நான்கு தருக' எண்டு ஆகிவிடுது.

இதால யாருக்கு என்ன நட்டம் எண்டு கேட்கலாம். ரெண்டு நட்டம் எனக்குத் தெரியுது.

ஒண்டு, என்னுடைய சினேகிதி மாதிரி ஆக்கள். உடம்பால தெரிஞ்ச ஒண்டை வரைவிலக்கணமா எழுத முடியாததால, தனக்குத் தெரியாது எண்டு நம்பிப் போனவள் அவள். வருசா வருசம் எத்தனை பள்ளிக்கூடத்தில எத்தனை பேர் அப்படிப் போகினம் எண்டு நினைச்சுப் பாருங்க.

மற்றது நாங்கள், எழுதுற ஆக்கள். ஒரு அரங்கேற்றத்துக்குப் போய் வந்து என்ன எழுதுறம்? 'மிகச் சிறப்பாக ஆடினார்', 'சபையோரைக் கவர்ந்தார்', 'உடையலங்காரம் அருமை'. நானும் அப்படி எழுதியிருக்கிறன். படத்தைப் பற்றி எழுதினா கமரா, எடிட்டிங் எண்டு பிரிச்சு மேயிறம். நடனத்துக்கு வந்தா வாய் அடைச்சுப்போகுது. சொல் தெரியாமல் இல்லை, ஒரு கொப்பி நிறைய இருக்கு. அந்தச் சொல்லை மேடையில நடக்கிறதோட பொருத்திப் பார்க்கப் பழகவில்லை. 'அலாரிப்பு எண்டா மலர்தல்' எண்டு எழுதுவம். கண், கழுத்து, தோள், கை எண்டு உடம்பு ஒவ்வொண்டா திறக்குதா, அல்லது எல்லாம் ஒரேயடியா அவசரப்பட்டுப் போகுதா எண்டு பார்க்கமாட்டம். அங்கசுத்தம் எண்டா என்ன எண்டு எழுதுவம். மூன்றாங் காலத்தில அரைமண்டி எழும்பினதையும், நீட்டின கை தோளுக்குக் கீழ விழுந்ததையும் காணமாட்டம். ஆடின பிள்ளைக்கு நாங்கள் எழுதினதால ஒரு பிரயோசனமும் இல்லை. பாராட்டு மட்டும் மிச்சம்.

எழுத்துத் தேவையில்லை, எல்லாத்தையும் ஆடியே காட்டினால் போதும் எண்டும் ஒரு கதை இருக்கு. அதையும் நான் ஏற்கவில்லை. ஆடத் தெரிஞ்ச எல்லாருக்கும் வாய் வேணும். சொல் இல்லாட்டி மேடைக்கு வராத ஒரு கலைஞரைப் பற்றி எப்படி வாதாடுறது? சின்னாக்களுக்கு எப்படிக் கடத்துறது? 'நாட்டு' எண்ட சொல்லை ஒரு நட்டுவனார் விட்டுட்டுப் போனதாலதானே இவ்வளவு தூரத்தில இருக்கிற எனக்கு என்ர குதி பிழை எண்டு இண்டைக்குத் தெரியுது.

அதனால நான் கேட்கிறது பெரிய விசயம் இல்லை. பாடத்திட்டம் மாறும் மட்டும் காத்திருக்கவும் தேவையில்லை. நடனம் பழக்குற அக்காமார், டீச்சர்மார் ஒரு சொல்லைக் கொப்பியில எழுத விடுறதுக்கு முதல் அதைச் செய்ய விடுங்க. செய்த பிறகு, 'இப்ப உங்கட சொல்லில சொல்லுங்க, உடம்பில எங்க பிடிச்சது?' எண்டு கேளுங்க. சாஸ்திர விளக்கம் அதுக்குப் பிறகு வரட்டும். அடவின்ட பேருக்கு வீட்டில பேசுற தமிழில என்ன அர்த்தம் எண்டு ஒருக்காவது சொல்லுங்க. அந்தச் சொல்லை உண்டாக்கினவை யார் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்க. எழுதுற நாங்கள், அடுத்த முறை ஒரு நிகழ்வைப் பார்த்துட்டு எழுதேக்க, தெரிஞ்ச கலைச்சொல்லில ஒண்டே ஒண்டை எடுத்து அது மேடையில நடந்ததா எண்டு மட்டும் பார்த்து எழுதுவம்.

போன கிழமை சினேகிதிக்குக் கோல் எடுத்து இதையெல்லாம் சொன்னன். முழுக்கக் கேட்டுட்டு, "நீ அரைமண்டியில இருந்துகொண்டா கதைக்கிறாய்?" எண்டு கேட்டாள். இல்லை எண்டன். "அப்ப இருந்துட்டுக் கதை" எண்டாள்.

இருந்தன். ஒரு நிமிசம்கூட ஏலவில்லை, தொடை நடுங்கத் தொடங்கிட்டுது. போனைத் தோளில இடுக்கிக்கொண்டு என்ன பிழை எண்டு கேட்டன். முழங்கால் ரெண்டும் முன்னுக்கு வந்திருக்கும், பக்கத்துக்குத் திற, முதுகை விடாதே, குதி ரெண்டும் ஒட்டியிருக்கா பார் எண்டு அவள் ஒவ்வொண்டாச் சொன்னாள். பார்க்காமலே சொன்னாள், எல்லாம் சரி. பரீட்சையில நான் எழுதின நாலு வரியிலயும் இதுகள் இருந்தது.